நான் கொடுக்காத அட்வான்ஸ்

போன வருடம் மாசி மாதம், கீழ்வேளூரைத் தாண்டி ஒரு கிராமத்தில், புங்கமரத்தடியில் நிறுத்தியிருந்த ஒரு சிவப்பு மினி டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் ஒரு பொய் சொன்னேன். பொய்யே சொல்லாத உத்தமி இல்லை நான். "இதோ கிளம்பிட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டு அப்புறம்தான் தலை வாரவே உட்காருவேன். ஆனால் அன்றைக்குச் சொன்ன பொய் அந்த ரகம் இல்லை.

டிராக்டர் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. கஜா புயலில் பாதி மரம் போய்விட்டது. விழுந்த இடத்திலெல்லாம் புதுக்கன்று வைத்தோம். அவை இப்போது காய்க்க ஆரம்பித்துவிட்டன, ஆனால் மட்டைகள் இன்னும் தலைக்கு மேலே போகவில்லை. பெரிய டிராக்டர் உள்ளே நுழைந்தால் நாலு மட்டையை முறித்துவிட்டுத்தான் வெளியே வரும். சின்ன டிராக்டரை வாடகைக்கு விடுபவர் எங்கள் பக்கம் ஒரே ஒருவர். அவர் ஊர் வேலையெல்லாம் முடித்து நம் தோப்புக்கு வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தோப்பில் புல் இடுப்பு உயரம். காய் பொறுக்க வந்த பெண் ஒருவர் கண்ணாடி விரியனை மிதிக்கப் போய், ஒரு சாண் இடைவெளியில் காலை எடுத்துக்கொண்டார். "புல்லை வெட்டிட்டுக் கூப்பிடுங்கக்கா, வர்றோம்" என்று அத்தனை பேரும் போய்விட்டார்கள். அவர்கள் சொன்னதில் என்ன தப்பு? விழுந்த காய்கள் புல்லுக்குள்ளேயே முளைவிட்டுக் கிடந்தன. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

என் வீட்டுக்காரருக்கு வெளிநாட்டில் வேலை. பக்கத்து வீட்டில் இருக்கும் என் கொழுந்தனார், தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று ஆரம்பித்தார். அவர் நல்லவர், வாய்தான் கொஞ்சம் நீளம். நானே ஒரு பழைய மினி டிராக்டர் வாங்கி நானே ஓட்டப் போகிறேன் என்றதும், "ஏன் அண்ணி, டிராக்டர்னா ஸ்கூட்டியோட அண்ணன்னு நெனச்சுட்டீங்களா?" என்று கேட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கிறது. அதையெல்லாம் அவரிடம் சொல்லி என்ன பயன்?

கடைசியில் என் வீட்டுக்காரர் போனில் ஒரு தீர்ப்பு சொன்னார். என் சேமிப்பில் ஒரு பழைய வண்டி வாங்கிக்கொள்ளலாம். வண்டி சரியாக அமைந்தால் தோப்பு என் பொறுப்பு. படுத்துவிட்டால் பேசாமல் குத்தகை. அதற்குப் பிறகு நான் மூச்சு விடக் கூடாது. ஆக, ஒரே ஒரு வண்டி. அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் தோப்பு எனக்கு, ஏமாந்தால் போச்சு.

அன்றிலிருந்து எனக்கு டிராக்டர் பைத்தியம் பிடித்துவிட்டது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாது, ஆனால் எந்த கம்பெனி வண்டியில் எந்த கியர் அடிக்கடி இறுகும் என்று கேளுங்கள், சொல்லுவேன். பழைய டிராக்டர் வாங்குவது எப்படி என்று போனில் வரும் வீடியோ ஒன்று விடாமல் பார்த்தேன். பார்த்ததையெல்லாம் நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். நாம் போகும்போது இன்ஜின் சில்லென்று இருக்க வேண்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகாத நோயை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். இன்ஜினை ஓட விட்டு ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக் கூடாது. பின்னால் சுமையைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்டைத் தூக்கிவிட்டு இன்ஜினை அணைத்தால், தூக்கியது தூக்கினபடி நிற்க வேண்டும். இப்படி முப்பத்தோரு குறிப்பு. பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு படித்ததில்லை.

மூன்று வண்டி பார்த்து மூன்றையும் தள்ளினேன். நாலாவதுதான் கீழ்வேளூர்ப் பக்கத்துச் சிவப்பு வண்டி. போனில் போட்டோவைப் பார்த்ததுமே மனசு அங்கே போய்விட்டது. விற்பவருக்கு போன் போட்டால், "ஒரே ஓனர், தோப்பு வேலை மட்டும்தாங்க பாத்துது, சீக்கிரம் வாங்க, நிறைய பேர் கேக்குறாங்க" என்றார். கொழுந்தனாரிடம் மூச்சு விடவில்லை. மறுநாள் விடிந்ததும் பட்டுக்கோட்டையில் ஒரு பஸ், திருத்துறைப்பூண்டியில் ஒரு பஸ், திருவாரூரில் ஒரு பஸ் என்று மாறி மாறி, நோட்டும் டார்ச்சும் பணமும் இருக்கிற பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய் இறங்கினேன்.

வண்டியை நேரில் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! பளபளவென்று பெயிண்ட். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. விற்பவர் பழைய வண்டிகளை வாங்கி விற்கிறவர். வெள்ளை வேட்டி, வாய் நிறைய "அக்கா". நான் நேராகப் போய் இன்ஜின் மேல் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. நோட்டில் ஒரு டிக். ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஒரே திருகலில் பிடித்தது. இன்னொரு டிக். ஆயில் மூடி, கிளட்ச், பிரேக், லிஃப்ட், டயர் என்று ஒவ்வொன்றாக டிக் விழ விழ, எனக்குள் ஒரு சின்னப் பெண் குதிக்க ஆரம்பித்துவிட்டாள். முற்றத்தில் நானே இரண்டு சுற்று ஓட்டினேன். ஸ்டியரிங் வெண்ணெயாகத் திரும்பியது. முப்பத்தோரு கேள்விக்கும் அந்த வண்டி பாஸ்.

ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வருகிறேன் என்று விற்பவர் உள்ளே போனார். அப்போதுதான் அந்த மனிதர் வந்தார்.

பழைய பைக்கில் வந்து இறங்கினார். என் வயதுதான் இருக்கும். மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் துண்டு. கையில் நோட்டும் இல்லை, டார்ச்சும் இல்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். இன்ஜினைத் தொடவே இல்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மட்கார்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ சுரண்டினார். அதை வாயில் போட்டுக்கொண்டார், கொஞ்ச நேரம் கழித்துத் துப்பினார். புகையிலை போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நிறைய பேர் கேட்கிறார்கள் என்று விற்பவர் சொன்னது சரிதான் போலிருக்கிறது! நான் மூன்று பஸ் மாறி வந்து, முப்பத்தோரு டிக் போட்டு முடித்த வண்டியை இவர் வந்த வேகத்தில் கொத்திக்கொண்டு போய்விடுவாரோ? அவர் எழுந்து கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வண்டி பாக்க வந்தீங்களாம்மா?"

"பாத்து முடிச்சாச்சுங்க. அட்வான்ஸும் குடுத்தாச்சு" என்றேன்.

பணம் முழுவதும் என் கக்கத்தில் இருந்த பையில்தான் இருந்தது. ஒரு பைசா கொடுக்கவில்லை. அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. "குடுத்தாச்சா..." என்று இழுத்தார். எந்த ஊர், என்ன வேலைக்கு வண்டி என்று கேட்டார். பேராவூரணி, தென்னந்தோப்பு என்று ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையில் சொல்லி, பேச்சை வெட்டிவிட்டேன். அவர் பைக்கை நோக்கி நடந்தார்.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குஷி. ஆளை முந்திவிட்டோம்! கொழுந்தனாரே நேரில் பார்த்திருந்தால்கூட, அண்ணி கெட்டிக்காரி என்று ஒத்துக்கொண்டிருப்பார். பைக்கை உதைக்கிற சத்தம் கேட்டது. கிளம்பிவிட்டார் என்று பையின் ஜிப்பில் கை வைத்தேன்.

பைக் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால், அந்த மனிதர் விடுவிடுவென்று திரும்பி வருகிறார். என்னிடம் வரவில்லை. ஆர்.சி. புத்தகத்தோடு வெளியே வந்த விற்பவரிடம் நேராகப் போய் நின்றார்.

"அந்த அம்மாகிட்ட வாங்குன அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துடுங்க."

விற்பவர் விழித்தார். இவர் விடவில்லை. "இறால் குட்டையில கெடந்த வண்டியைப் பெயிண்ட் அடிச்சுத் தோப்பு வண்டின்னு விக்கிறீங்களே, நியாயமா? பொம்பளை தனியா அவ்வளவு தூரத்துலேருந்து வந்துருக்காங்க. பணத்தைக் குடுங்க. குடுக்காம நான் இங்கேருந்து போவ மாட்டேன்."

"யோவ், எந்த அட்வான்ஸைய்யா சொல்றே? அந்தக்கா இன்னும் பத்துப் பைசா குடுக்கல!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அந்த நிமிடம் பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. ஒரு கை பையின் ஜிப்பில், இன்னொரு கையில் முப்பத்தோரு டிக் போட்ட நோட்டு. எனக்காகச் சண்டைக்கு நிற்கிற மனிதரின் முன்னால், அவரைத் துரத்த நான் சொன்ன பொய் அப்படியே அம்பலமாகிவிட்டது. இப்போது திட்டப் போகிறார், திட்டட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்தேன்.

அவர் நெஞ்சில் கையை வைத்து, "அப்பாடா!" என்றார். "குடுக்கலியா? நல்ல வேளை போங்க!" என்று சிரித்தார். நிஜமான சிரிப்பு, குத்தல் இல்லாத சிரிப்பு. நான் பொய் சொன்னது அவருக்கு உறைத்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. என் பணம் என்னிடமே இருக்கிறது என்பதுதான் அவருக்கு முதலில் பட்டிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இங்க வாங்கம்மா" என்று பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். மட்கார்டைத் தாங்குகிற இரும்புக்குப் பின்னால் ஒரு சந்து. தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலும், பெயிண்ட் அடித்தாலும் எட்டாத இடம். அங்கே கெட்டிப்பட்டிருந்த மண்ணைச் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். உப்பு! ஊறுகாய்க்குப் போட்ட மாதிரி அப்படி ஒரு உப்பு. இதைத்தான் அவர் புகையிலை மாதிரி வாயில் போட்டிருக்கிறார். பிறகு டார்ச்சை வாங்கி அதே சந்துக்குள் அடித்துக் காட்டினார். பெயிண்ட் முடிந்த இடத்திலிருந்து இரும்பு பொருக்குப் பொருக்காக உரிந்து நின்றது. விரலால் தட்டினால் கொட்டியது. எத்தனை மணி நேரம் ஓடிய வண்டி என்று நான் கேட்டேன். எந்தத் தண்ணீரில் நின்ற வண்டி என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வீடியோ போடுகிறவர்கள் எந்த ஊரோ, அவர்களுக்கும் தோன்றியிருக்காது.

"கடலோரத்து வண்டின்னா கொஞ்சம் உப்பு இருக்கத்தான் செய்யும்" என்று முணுமுணுத்துக்கொண்டு விற்பவர் உள்ளே போய்விட்டார். அக்கா என்ற வார்த்தை அதோடு காணாமல் போனது.

மெயின் ரோட்டு டீக்கடையில் அவருக்கு நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த மட்டுக்காவது விட்டாரே! நன்னிலம் பக்கத்துக்காரர். அவர் அப்பா கூலிக்கு நடவு நட்ட வயல்களை இவர் இப்போது குத்தகைக்கு எடுத்துத் தானே சாகுபடி செய்கிறார். முதன்முதலில் சொந்தமாக என்று ஆசை ஆசையாக வாங்கிய பழைய பவர் டில்லர் இப்படித்தான் இறால் குட்டையிலிருந்து வந்ததாம். "ஸ்பானரை வச்சுத் திருகுனா போல்ட்டுத் தலை மட்டும் கையோட வருதும்மா. நாத்து முத்திப் போச்சு, உழுது முடிக்க முடியல. அந்த வருஷம் சம்பா போனதுதான்" என்றார். அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் நாக்குதானாம்.

நான் தயங்கித் தயங்கி என் பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "வண்டி மேல ஆசைப்பட்டா யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. நான்தான் மொதல்ல தப்புப் பண்ணப் பாத்தேன். குடுத்தாச்சுன்னு சொல்லிட்டாங்களே, இனிமே சொல்லி எதுக்கு மனசைக் கஷ்டப்படுத்தணும்னு கிளம்பிட்டேன். பைக்கை உதைச்சப்புறம் மனசு கேக்கல" என்றார்.

அதோடு விடவில்லை. நானே எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். முந்தின வாரம் அவர் வண்டி தேடி எங்கள் பேராவூரணிப் பக்கமே வந்திருக்கிறார். என் ஊரிலிருந்து மூன்றாவது ஊரில், தோப்பை விற்றுவிட்டு மகனோடு போகப் போகிற பெரியவர் ஒருவரிடம் ஒரு மினி டிராக்டர் நிற்கிறதாம். நல்ல வண்டி, ஆனால் சேற்று உழவுக்கு இழுவை போதாது என்று இவர் விட்டுவிட்டு வந்திருக்கிறார். "தோப்புக்குன்னா அதை விடாதீங்க. புல் வெட்டுற ஸ்லாஷரும் கூடவே குடுக்குறாரு" என்றார்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்றால் இதுதான்! மூன்று ஊர் தள்ளி நிற்கிற வண்டி எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணமும் உண்டு. அந்தப் பெரியவர் போனில் விளம்பரம் கொடுக்கவில்லை, டீக்கடையில்தான் சொல்லி வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் டீக்கடை பெஞ்சில் பெண்கள் உட்காருவதில்லை, அங்கே பேசுவது எங்கள் காதுக்கு வருவதில்லை. நன்னிலத்துக்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஆனால் போனில் வருகிற விளம்பரம் அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு ஏற்ற வண்டி ஏதாவது கண்ணில் பட்டால் கூப்பிடுகிறேன் என்று நம்பரை வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதமே ஒன்று பட்டது. நான் எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி, எந்தத் தண்ணீரில் ஓடியது என்பதுதான். இப்போது அந்த வண்டிதான் அவர் வயலை உழுகிறது.

என் கதைக்கு வருகிறேன். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் அந்தப் பெரியவர் தோப்பில் நின்றேன். முகப்பு விளக்கு ஒன்றைக் காணோம். நீலப் பெயிண்ட் வெயிலில் வெளுத்து என்ன நிறம் என்றே சொல்ல முடியவில்லை. சீட்டில் கோணிச் சாக்கு. நேற்று வரைக்கும் இருந்த நான் என்றால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். நேராகப் போய்க் குனிந்து மட்கார்டுக்கு அடியில் மண்ணைச் சுரண்டி வாயில் போட்டேன். பெரியவர் பதறிப் போய், "என்னம்மா, காலையில சாப்பிடலியா?" என்று கேட்டார். வெறும் மண் ருசி. கொஞ்சம் டீசல் வாடை. அப்படி இனித்தது எனக்கு! அதற்குப் பிறகுதான் நோட்டைத் திறந்தேன். முப்பத்தோரு கேள்வியில் இருபத்தெட்டில் பாஸ். விளக்கும் சீட்டும் பேட்டரியும் மாற்றிக்கொள்ளலாம். அன்றைக்கே பேசி முடித்தேன்.

அந்த வண்டியை நானே ஓட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. கடைத்தெருவில் பேச்சு நின்றது. கொழுந்தனார் வாசலுக்கு ஓடி வந்தார். வண்டியை மூன்று முறை சுற்றினார், டயரை உதைத்தார், ஏதாவது குறை சொல்ல வேண்டுமே என்று தேடினார். கடைசியில், "அண்ணி, நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரவா?" என்று கேட்டார். "மொதல்ல லைசென்ஸைக் காட்டுங்க" என்றேன். அப்புறம் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஸ்லாஷரை மாட்டித் தோப்புக்குள் இறங்கினேன். முதலில் கம்பால் தட்டித் தட்டிப் பூச்சி பொட்டு இல்லை என்று பார்த்துக்கொண்டுதான். மட்டைகளுக்கு அடியில் தலையைக் குனிந்து குனிந்து, வரிசை வரிசையாக வெட்டிக்கொண்டு போனேன். பச்சைப் புல் வாசனை. பின்னால் திரும்பிப் பார்த்தால் மரத்துக்கு மரம் தரை தெரிகிறது. எங்கள் தோப்பில் தரை இருக்கிறது என்பதே மறந்து போயிருந்தது. யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில் சத்தம் போட்டுச் சிரித்தேன். அந்த வாரத் தேங்காய் வெட்டுக்குக் காய் பொறுக்கும் பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். தோப்புக் குத்தகை பற்றி என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு பேச்சே எடுக்கவில்லை.

எல்லாம் நன்றாகவே முடிந்தது. ஆனால் என்னை விடாமல் குடைவது அந்தப் புங்கமரத்தடி ஐந்து நிமிடம்தான். அன்றைக்கு ஒரு மனிதரின் முகம் வாடியதைப் பார்த்து, தோற்றுவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். அது எனக்காக வாடிய முகம் என்று தெரிந்த பிறகு, எதிரில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் அவர் மனசில் என்ன இருக்கிறது என்று அவ்வளவு அவசரமாக முடிவு கட்ட எனக்குத் துணிவு வருவதில்லை.